விசுவாசமா, கிரியையா? ரெகன்ஸ்பர்க் மேசை கற்பிக்கும் பாடம்





ஊழியப் பாதையில் இரண்டு கேள்விகள் என்னை மீண்டும் மீண்டும் சந்தித்திருக்கின்றன. முதலாவது கேள்வி மரணப்படுக்கையின் அருகே எழுவது. வாழ்நாளெல்லாம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, காணிக்கைப் பையில் மடித்த நோட்டை ஒருவரும் காணாதபடி இட்டு, எவரையும் குறைகூறாமல் வாழ்ந்த ஒரு முதிய தாயார் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, ஆண்டவருக்குன்னு நான் பெருசா ஒண்ணும் செய்யலையே, என்னைச் சேத்துக்குவாரா?" என்று கேட்டார். இரண்டாவது கேள்வி திடகாத்திரமாய் நடமாடுகிறவர்களிடமிருந்து வருவது. "இரட்சிப்பு கிருபையினாலேதானே ஐயா? அப்படியிருக்க, நான் என் அண்ணனோடு ஒப்புரவாகாவிட்டால் என்ன குறைந்துவிடும்?"

இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதிலைச் சொல்ல இயலாது. அந்தத் தாயாரின் கட்டிலருகே யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தை விரித்து வாசித்தால், ஏற்கெனவே நொறுங்கியிருக்கும் உள்ளத்தை மேலும் நொறுக்குவோம். அண்ணனைப் பகைக்கிறவரிடம் ரோமர் 3-ஆம் அதிகாரத்தை மாத்திரம் வாசித்தால், உறங்குகிறவருக்குத் தலையணை கொடுத்தவர்களாவோம். வேதம் இரண்டையும் நமக்குத் தந்திருக்கிறது. எதை, எவருக்கு, எப்பொழுது சொல்வது என்பதில்தான் திருச்சபை தடுமாறியிருக்கிறது.

அந்தத் தடுமாற்றத்தின் வரலாற்றில், நம்மில் அநேகர் கேள்விப்பட்டிராத ஒரு நாள் உண்டு. 1541 மே 2. பிரிந்து நின்ற இரு தரப்பாரும் ஒரே மேசையில் அமர்ந்து, மனிதன் தேவனுக்கு முன்பாக எவ்வாறு நீதிமானாகிறான் என்பதைக் குறித்து ஒரே வாசகத்தை ஒப்புக்கொண்ட நாள் அது. இந்த வாரம் அந்த மேசையருகே உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

மார்ட்டின் லூத்தரை நாம் அறிவோம். 1483 நவம்பரில் ஜெர்மனியின் ஐஸ்லேபன் நகரில் பிறந்தவர். 1505-இல் எர்ஃபர்ட் நகரின் அகுஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார். உபவாசம், விழிப்பு, ஓயாத பாவ அறிக்கை ஆகிய எதுவும் அவருக்குச் சமாதானம் அளிக்கவில்லை. தேவனுடைய நீதி என்ற சொல்லே அவரை நடுங்கச் செய்தது. ரோமர் 1:17-ஐத் தியானிக்கையில், அந்த நீதி தேவன் பாவிக்கு ஈவாக அளிக்கும் நீதி என்று கண்டார். பரலோகத்தின் கதவு தமக்குத் திறந்ததாக உணர்ந்தார். 1517 அக்டோபர் 31 அன்று அவர் வெளியிட்ட 95 வாசகங்களும், பாவமன்னிப்புச் சீட்டுகளின் விற்பனையை எதிர்த்து அவர் எழுப்பிய குரலும் நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்தவை.

ஆனால் அதே 1483-இல், லூத்தருக்குச் சில வாரங்கள் முன்னதாக, வெனிஸ் நகரத்துப் பிரபு குடும்பமொன்றில் பிறந்த காஸ்பாரோ கொந்தாரினியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் உலகத்தைத் துறந்து கமால்தோலி மலையிலிருந்த துறவியரோடு சேர்ந்துகொண்டார். அங்கிருந்து அந்த நண்பர் எழுதிய கடிதத்தில், இத்தனை கடுந்தவத்திற்குப் பின்னும் தம் பாவங்களுக்குப் பரிகாரம் செய்து முடிக்க இயலுமோ என்ற அச்சம் தெரிந்தது. கொந்தாரினி கலங்கினார். மலையில் தவம் செய்கிற நண்பனுக்கே நிச்சயம் இல்லையெனில், நகரத்தில் வாழும் தம் கதி என்ன?

1511-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. பாவ அறிக்கை செய்யச் சென்ற அவர், ஒரு துறவியோடு நெடுநேரம் உரையாடினார். அதன்பின் அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. தம்மால் கூடிய தவங்களையெல்லாம் செய்தாலும், அதற்கு மேலும் பன்மடங்கு செய்தாலும், கடந்த பாவங்களுக்கே அது ஈடாகாது. கிறிஸ்துவின் பாடு மாத்திரமே போதுமானது. விசுவாசத்தினாலும் அன்பினாலும் அவரோடு இணைவதே தாம் செய்யத்தக்கது. இந்த அனுபவத்தை அவர் தம் நண்பருக்கே கடிதமாக எழுதினார். அக்கடிதங்கள் வெகுகாலம் அறியப்படாமல் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்திற்கு வந்தன.

பிரியமானவர்களே, ஆண்டைக் கவனியுங்கள். லூத்தரின் 95 வாசகங்களுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, வெனிஸ் நகரத்து வாலிபர் ஒருவர் அதே பாறையின்மேல் தம் பாதத்தை ஊன்றினார். அவர் உரோமைச் சபையைவிட்டு வெளியேறவில்லை. 1521-இல் லூத்தர் வோர்ம்ஸ் நகரில் பேரரசரின் முன் நிறுத்தப்பட்ட காலத்தில், கொந்தாரினி வெனிஸ் அரசின் தூதராக அந்நகருக்கு வந்து சேர்ந்தார். ஆயினும் லூத்தரோடு பேசவில்லை. 1535-இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார்.

ரெகன்ஸ்பர்க் மேசை

1541-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், பிளவுண்ட ஜெர்மனியை ஒன்றுபடுத்த விரும்பி, டான்யூப் நதிக்கரையிலுள்ள ரெகன்ஸ்பர்க் நகரில் ஓர் உரையாடலை ஏற்பாடு செய்தார். சீர்திருத்தத் தரப்பில் பிலிப் மெலாங்க்தன், மார்ட்டின் பூசர், யோகான் பிஸ்தோரியுஸ் ஆகிய மூவர். உரோமைத் தரப்பில் யோகான் எக், யூலியுஸ் ஃபுளூக், யோகான் குரோப்பர் ஆகிய மூவர். பாப்பரசரின் பிரதிநிதியாக வந்தவர் நம் கொந்தாரினி. ஸ்திராஸ்பர்க் நகரின் சார்பில் வாலிபரான ஜான் கால்வினும் வந்திருந்தார்.

நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஐந்தாம் பிரிவில்தான் எல்லாம் முறியும் என்று பலர் எண்ணினார்கள். அதில்தான் உடன்பாடு பிறந்தது! அப்பிரிவின் சாரம் இதுவே: பாவி உயிருள்ள, செயலாற்றும் விசுவாசத்தினால் நீதிமானாகிறான். அந்த விசுவாசத்தோடு பரிசுத்த ஆவியானவர் அன்பையும் உள்ளத்தில் ஊற்றுகிறார். ஆகவே மனிதனுக்குள் ஒரு புதுப்பிக்கப்பட்ட நீதி உண்டாகிறது. எனினும் உள்ளம் சாய்ந்து இளைப்பாற வேண்டியது தனக்குள் வளரும் அந்த நீதியின்மேல் அல்ல, கிறிஸ்துவினிமித்தம் தனக்கு எண்ணப்படும் நீதியின்மேலேயே.

எதிர்த்தரப்பு இவ்வளவு தூரம் இறங்கி வந்ததைக் கண்டு தாம் வியந்ததாகக் கால்வின் தம் நண்பர் ஃபாரெலுக்கு எழுதினார். கொந்தாரினியும் அதைப் பெரிய ஆதாயமாகக் கண்டார்.

ஆனால் வாசகம் இரு தரப்பாரின் வீடுகளுக்கும் சென்று சேர்ந்தபோது நிகழ்ந்தது வேறு. லூத்தர் அதை ஒட்டுப்போட்ட துணியாகக் கண்டார். கிரியையின்றி விசுவாசத்தினால் நீதிமானாகிறோம் என்ற ரோமரின் போதனையையும், அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் என்ற கலாத்தியர் 5:6-ஐயும் ஒன்றாகத் தைத்துவிட்டார்கள் என்பது அவர் குறை. முன்னது ஒருவன் எவ்வாறு நீதிமானாகிறான் என்பதைச் சொல்கிறது. பின்னது நீதிமான் எவ்வாறு வாழ்கிறான் என்பதைச் சொல்கிறது என்றார். உரோமையில் கர்தினால்மார் அவ்வாசகத்தை ஏற்க மறுத்தார்கள். மேசையில் அமர்ந்திருந்த எக் அவர்களே பின்னர் அதைப் பழித்தார். இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் மாறுவது எவ்வாறு, சபையின் அதிகாரம் எதுவரை, பாவ அறிக்கை எத்தகையது ஆகிய மற்றக் காரியங்களில் உரையாடல் முறிந்தது. அடுத்த ஆண்டு, 1542-இல், தம்மவரின் சந்தேகத்தைச் சுமந்தவராய்க் கொந்தாரினி காலமானார்.

ஒரு சொல், இரு பொருள்

ஒரே வாசகத்தை வாசித்த இரு தரப்பாரும் ஏன் அஞ்சினார்கள்? அவர்கள் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் கேட்டார்கள். அகுஸ்தீனு காலம் முதல் இலத்தீன் சபையார் நீதிமானாக்குதல் என்பதை, தேவன் ஒருவனை உள்ளபடியே நீதியுள்ளவனாக மாற்றுதல் என்று கொண்டார்கள். அது வாழ்நாள் முழுவதும் தொடரும் குணமாகுதல். மெலாங்க்தனைப் பின்பற்றியவர்களோ, பவுலின் கிரேக்கச் சொல்லில் நியாயாதிபதியின் தீர்ப்பைக் கேட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனை நோக்கி, இவன் விடுதலையானான் என்று அறிவிக்கும் தீர்ப்பு அது. ஒரே கணத்தில் முழுமையடைவது. குணமாகுதல் அதன்பின் வரும் பரிசுத்தமாகுதல்.

நம் தமிழ் வேதாகமத்திலேயே இவ்விரு சாயல்களும் உண்டு. 'நீதிமானாக்கப்படுதல்' என்னும் சொல்லில் 'ஆக்குதல்' இருக்கிறது. ரோமர் 4-ஆம் அதிகாரத்திலோ, ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக 'எண்ணப்பட்டது' என்று வாசிக்கிறோம். ஆக்குதலும் எண்ணுதலும் நம் பக்கங்களில் அருகருகே நிற்கின்றன.

லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28-இல் 'மாத்திரம்' என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்தார். மூலத்தில் அச்சொல் இல்லையென்று குற்றம் சாட்டினார்கள். பவுலின் கருத்தும் ஜெர்மன் மொழியின் மரபும் அதை வேண்டுகின்றன என்று 1530-இல் அவர் பதிலளித்தார். அதே 1522-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், மற்ற நிருபங்களோடு ஒப்பிட்டு யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பிந்தைய பதிப்புகளில் அவ்வாசகம் நீக்கப்பட்டது. அதே லூத்தர்தான் ரோமர் நிருபத்துக்கான முன்னுரையில், விசுவாசம் ஓய்ந்திருக்க அறியாதது என்றும், நற்கிரியைகளை அதனிடமிருந்து பிரிப்பது நெருப்பிலிருந்து வெப்பத்தைப் பிரிப்பதைப் போன்றதே என்றும் கருத்துரைத்தார்.

வேலிகள் எழும்பின

1547 ஜனவரி 13 அன்று, திரெந்து பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில் நீதிமானாக்கப்படுதலைக் குறித்து 16 அதிகாரங்களையும் 33 விதிகளையும் வெளியிட்டது. ஒன்பதாம் விதி, வேறெந்த ஒத்துழைப்பும் வேண்டாம் என்ற பொருளில் விசுவாசத்தினால் மாத்திரமே என்று சொல்கிறவர்களைச் சபிக்கிறது. இதை நாம் அடிக்கடி சுட்டிக்காட்டுகிறோம். ஆனால் முதலாம் விதியை வாசித்திருக்கிறோமா? கிறிஸ்துவின் மூலமாய் வரும் தேவகிருபையின்றித் தன் சொந்தக் கிரியைகளால் மனிதன் நீதிமானாகலாம் என்று சொல்கிறவனையும் அது சபிக்கிறது. கத்தோலிக்கர் கிரியைகளால் இரட்சிப்பை வாங்க முயல்கிறார்கள் என்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்தச் சபை தானே மறுத்த ஒன்றை அதன்மேல் சுமத்துகிறோம். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை இங்கும் பொருந்தும்.

நம் தரப்பிலும் அமைதி இல்லை. 1552-இல் கெயார்க் மாயோர் என்ற லூத்தரன் போதகர், நற்கிரியைகள் இரட்சிப்புக்கு அவசியம் என்றார். லூத்தரின் பழைய நண்பர் நிக்கோலாஸ் ஃபொன் ஆம்ஸ்டோர்ஃப் வெகுண்டெழுந்து, நற்கிரியைகள் இரட்சிப்புக்குத் தீங்கானவை என்று எழுதும் அளவுக்குச் சென்றார். 1577-இல் லூத்தரன் சபைகளின் ஒற்றுமை வாசகம் இவ்விரு கூற்றுகளையும் ஒதுக்கியது. நற்கிரியைகள் விசுவாசிக்குரிய கடமை. ஆயினும் அவை இரட்சிப்பின் விலையல்ல என்று அது நிலைநாட்டியது.

கீழைத் திருச்சபையார் இவ்வழக்கிற்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்கு இரட்சிப்பு என்பது நீதிமன்றத் தீர்ப்பைவிட, மனிதன் கிறிஸ்துவுக்குள் தேவனுடைய ஜீவனில் பங்குபெற்று வளர்வதாகவே விளங்கிற்று. கிருபையும் மனிதனின் இசைவும் கூடிச் செயலாற்றுகின்றன என்பது அவர்கள் போதனை.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி என்ற குருவானவர் சிறைச்சாலைகளைச் சந்தித்தார், உபவாசித்தார், கடல்கடந்து ஜார்ஜியாவுக்கு ஊழியராகவும் சென்றார். ஆயினும் சமாதானம் காணவில்லை. 1738 மே 24 மாலையில், இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், நான் மேலே குறிப்பிட்ட லூத்தரின் ரோமர் முன்னுரை வாசிக்கப்படுவதைக் கேட்டார். அவர் உள்ளம் அனல்கொண்டது. அதன்பின் அவர் கிரியைகளைக் கைவிட்டாரா? ஏறக்குறைய அரை நூற்றாண்டு குதிரையேறி ஊர்தோறும் சுற்றி ஏழைகளைத் தேடினார். முன்பு செய்த காரியங்கள் பலவற்றையே பின்பும் செய்தார். முன்பு அவை ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக, பின்பு ஏற்றுக்கொள்ளப்பட்டதினால்.

இவ்வழக்கு நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் மகன். விசுவாசத்தினால் நீதிமானாகுதலைப் பிரசங்கித்த அந்த இயக்கத்தின் தலைவர் பிராங்கே, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிகளும் எழுப்பினார். தரங்கம்பாடியிலும் பிரசங்க மேடையோடு பள்ளிக்கூடம் எழும்பியது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. அதே நூற்றாண்டில் வீரமாமுனிவர் லூத்தரன் போதனையை மறுத்து 'வேதவிளக்கம்' எழுதினார். ஐரோப்பாவில் மூண்ட வழக்கு இவ்வாறு செந்தமிழிலும் நடைபெற்றது.

மீண்டும் ஒரு மேசை

1999 அக்டோபர் 31. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், தூய அன்னாள் ஆலயம். 1518-இல் கர்தினால் கயெத்தானுக்கு முன் விசாரணைக்கு வந்த லூத்தர் தங்கியிருந்த மடத்தின் ஆலயம் அது. அங்கே லூத்தரன் உலகச் சம்மேளனத்தின் பிரதிநிதிகளும் கத்தோலிக்கத் திருச்சபையின் பிரதிநிதிகளும் நீதிமானாக்கப்படுதலைக் குறித்த கூட்டுப் பிரகடனத்தை உறுதிசெய்து கையொப்பமிட்டார்கள். கிருபையினால் மாத்திரமே, கிறிஸ்துவின் இரட்சிப்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தில், நம்முடைய எவ்விதத் தகுதியினிமித்தமும் அன்றி, தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். நம் இருதயங்களைப் புதுப்பிக்கும் ஆவியானவரை அருளி நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்பதே அவர்கள் ஒருமித்து அறிக்கையிட்டதன் சாரம். இப்பிரகடனத்தில் விளக்கப்பட்டபடியான ஒருவர் போதனையை மற்றவரின் பழைய சாபங்கள் தாக்கா என்றும் உடன்பட்டார்கள். 2006-இல் மெதடிஸ்த சபைகளும், 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் இதில் இணைந்தன.

எல்லாரும் மகிழவில்லை. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்துக் கையொப்பமிட்டார்கள். மிசௌரி சினோது லூத்தரன் சபை இன்றும் ஏற்கவில்லை. நீதிமானாக்கப்பட்டவன் ஒரே வேளையில் பாவியும் ஆவானா, இரட்சிப்பின் நிச்சயம் எத்தகையது என்னும் கேள்விகளில் வேறுபாடுகள் நிலைத்திருக்கின்றன. அவற்றை இல்லையென்று சொல்வது உண்மையாகாது. எனினும் ரெகன்ஸ்பர்க் உரையாடல் முறிந்து 458 ஆண்டுகள் கழித்து, கொந்தாரினி தேடிய வாசலில் இரு சபைகளும் மறுபடி சந்தித்தன என்பதற்காகத் தேவனைத் துதிக்கிறேன்.

இரு கேள்விகளுக்கும் பதில்

அந்த இரு கேள்விகளுக்குத் திரும்புவோம். பவுலும் யாக்கோபும் இருவருமே ஆபிரகாமைச் சாட்சியாக அழைக்கிறார்கள். ஆனால் ஒரே நாளின் ஆபிரகாமை அல்ல. பவுல் சுட்டும் ஆபிரகாம் ஆதியாகமம் 15-இல், நட்சத்திரங்களின் கீழ் வெறுங்கையோடு நிற்கிறவர். பிள்ளையில்லை, பலியில்லை; வாக்குத்தத்தத்தை நம்பினார், அவ்வளவே. யாக்கோபு சுட்டும் ஆபிரகாமோ, ஆதியாகமம் 22-இல் மோரியா மலையேறுகிறவர். ஈசாக்கு பிறந்து, விறகு சுமக்குமளவு வளர்ந்த காலம் அது. முதல் இரவில் எண்ணப்பட்ட நீதி மலையின்மேல் மெய்யென்று விளங்கியது. மலையேறியதால் அவர் நம்பிக்கைக்குரிய மகனாகவில்லை, நம்பினதினால் மலையேறினார்.

ஆகவே அந்தத் தாயாரிடம் நான் யாக்கோபை வாசிக்கவில்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனின் கதையைச் சொன்னேன். அவனுக்கு நற்கிரியை செய்யக் கைகள் விடுதலையாய் இல்லை. நடந்து ஆலயம் செல்லக் கால்கள் இல்லை. நாளை என்ற நாளும் இல்லை. அவனைச் சேர்த்துக்கொண்டவர் உங்களையும் சேர்த்துக்கொள்வார், அம்மா என்றேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். பற்றியிருந்த கை சற்றே தளர்ந்தது.

அண்ணனோடு பேசாதிருக்கும் அன்பரிடம் சகேயுவைக் குறித்துச் சொன்னேன். இயேசு அவன் வீட்டிற்கு வருவதற்கு முன் அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுத்ததில்லை. கிருபை முதலில் வந்தது. ஆனால் அது வந்த நாளிலேயே அவனுடைய கணக்குப் புத்தகம் திறந்தது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். இரட்சிப்பு உங்கள் வீட்டிற்கு வந்திருக்கிறதென்றால், உங்கள் அண்ணனின் வீட்டு வாசல்வரை அது நடக்காதிருக்குமோ? அவர் பதில் சொல்லவில்லை. அவருக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரியமானவர்களே, நீங்கள் இவ்விருவரில் எவர் என்பதை நான் அறியேன். ஒருவேளை பகலில் ஒருவராகவும் இரவில் மற்றவராகவும் இருக்கலாம். கலங்குகிறவராயின் எபேசியர் 2:8, 9 வசனங்களில் இளைப்பாறுங்கள். உறங்குகிறவராயின் அங்கே நிறுத்தாமல் 10-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். மூன்று வசனங்களும் ஒரே மூச்சில் எழுதப்பட்டவை.

இந்த வாரத்தில் ஒன்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறு சபையைச் சேர்ந்த உறவினர் அல்லது அயலார் ஒருவரிடம், தேவன் உங்களை எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்று கேளுங்கள். மறுத்துரைக்க அல்ல, செவிகொடுப்பதற்காகக் கேளுங்கள். ஒரே நகரிலிருந்தும் லூத்தரும் கொந்தாரினியும் பேசிக்கொள்ளாமற்போனார்கள். நாம் ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு அதையே செய்யாதிருப்போமாக.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, வெறுங்கையோடு வருகிற எங்களை உமது குமாரனிமித்தம் ஏற்றுக்கொண்டீர். உமக்கு ஸ்தோத்திரம். நீர் நிரப்பின கைகளை நாங்கள் மூடிக்கொள்ளாதபடி காத்தருளும். கலங்குகிறவர்களுக்கு இளைப்பாறுதலையும், உறங்குகிறவர்களுக்கு விழிப்பையும் தாரும். பிரிந்து நிற்கும் உமது பிள்ளைகளை ஒரே மேசையில் சேர்த்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.